இலக்கக் கம்பனிக்கு எதிராக நான் வாசித்த மனு

மல்வேர்ன், ஸ்காபரோ
17 பங்குனி 1996

1. ஆறுமுகம் இராஜரட்ணம் ஆகிய நான், வயது அறுபத்திரண்டு, முன்னர் மல்லாகம் நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகள் சட்டத்தரணியாகவும் காணி உறுதி முடிக்கும் பிரசித்த நொத்தாரிசாகவும் கடமையாற்றியவன், தற்போது மேற்படி இடத்தில் வசித்து ஓர் அலுவலகக் கட்டடத்தில் பாதுகாப்பு ஊழியனாக வேலை செய்பவன், எட்மன்ரனில் வசிக்கும் மிதுனனின் தகப்பன்.

2. கீழே சொல்லப்படுபவை என் சொந்த அறிவுக்கு உட்பட்டவை. எவரும் கேட்டு நான் எழுதவில்லை. எவரும் என்னை வற்புறுத்தவுமில்லை.

3. இவற்றுள் பெரும்பாலானவை உனக்கு ஏற்கெனவே தெரியும். எனினும் ஒரு கூற்று தொடக்கம் முதல் முடிவுவரை முழுமையாக இருக்கவேண்டும். உனக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. அதற்காகவே மற்றவற்றையும் எழுதுகிறேன்.

அன்புள்ள மகன் மிதுனனுக்கு,

அம்மாவும் தங்கை துர்க்காவும் சுகமாக இருக்கிறார்கள். நீயும் சுகமாக இருக்கிறாய், ஓர் உணவகத்துக் குசினியில் வேலை செய்கிறாய் என்பதைத் துர்க்காவுக்கு நீ அனுப்பிய அட்டையிலிருந்து அறிந்துகொண்டேன். அந்த அட்டை எனக்கு எழுதப்பட்டதல்ல என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். நான்காம் இலக்கத்தைப் போட்டுவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு எழுதிறியளோ, கோட்டுக்கு எழுதிறியளோ?" என்று கேட்டார். அந்த நான்கை வெட்டிவிட்டு இப்படித் தொடங்கியிருக்கிறேன். துர்க்காவுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, எதற்குப் போவது என்று உன்னிடம்தான் கேட்கப் போகிறாளாம். அம்மாவின் முழங்கால் நோ குளிரோடு கூடியிருந்தது, இப்போது பரவாயில்லை. உன் பெயருக்கு வரும் தபால்களை ஒரு பிஸ்கட் ரின்னில் சேர்த்து வைத்திருக்கிறார், பீற்சாக் கடை விளம்பரத்தைக்கூட எறிய விடுவதில்லை. எட்மன்ரனில் குளிர் நாற்பது பாகைக்குக் கீழே போகும் என்றும், காரின் எஞ்சினுக்கு மின் இணைப்புக் கொடுத்து வைக்காவிட்டால் காலையில் இயங்காது என்றும் என்னோடு வேலை செய்யும் ஒருவர் சொன்னார். உன்னிடம் கார் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இருந்தால் கவனம். இல்லாவிட்டால் பஸ்ஸுக்கு நிற்கும்போது காதை மூடிக்கொள்.

இனி விடயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதம், எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் இருக்கும் தங்கத்துரையின் மனைவி பரிமளம் என்னிடம் வந்தார். வீடுகளுக்கு அருகிலுள்ள கடைத்தொகுதியான பிளாசாவில் வெறுமையாகக் கிடந்த மூலைக்கடையின் கண்ணாடியில், அங்கு வரவிருக்கும் உணவகத்துக்கு மதுபான உரிமம் கோரப்பட்டிருப்பதாகவும் ஆட்சேபனை உள்ளவர்கள் குறித்த திகதிக்குள் எழுதலாம் என்றும் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. "ஐயா, இந்த மனிசன் இப்ப குடிக்கிறதெண்டாக் கார் எடுத்துப் போகவேணும். கடை வந்தா நடந்தே போயிருவார்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார், பிறகு அழுதார். எழுதித் தருகிறேன் என்றேன். விண்ணப்பகாரரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு இலக்கங்களும் ஒன்ராறியோ என்ற சொல்லுமே இருந்தன. இந்த நாட்டில் பெயர் வைக்காத கம்பனிக்கு அரசாங்கமே ஓர் இலக்கத்தைக் கொடுத்துவிடும் என்பதும், அந்த இலக்கத்துக்குள் இருப்பவர் யார் என்பதை நகரசபைக் கருமபீடத்தில் கோப்பைக் கேட்டால் எவரும் பார்க்கலாம் என்பதும் எனக்குத் தெரியாதவையல்ல. இருபத்தாறு ஆண்டுகளில் காணிப் பதிவேடான தோம்பைத் தேடாமல் ஒரு காணி உறுதியையேனும் நான் முடித்ததில்லை. அந்த ஒரு கோப்பை மட்டும் தேடவில்லை. அது யாரோ வெளியாளின் கடையாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்துவிட்டேன். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் அப்படி ஓர் உரிமம் கேட்பான் என்று என் மனத்தில் தோன்றவே இல்லை.

மனுவை நான்கு பக்கத்தில் எழுதினேன். பாடசாலைப் பஸ் பிளாசாவின் முன்னால் நிற்பதை எழுதினேன், கார் நிறுத்த இடம் போதாததை எழுதினேன், குடும்பத்தின் முன்னிலையில் மது அருந்துவது எங்கள் சமூகத்தின் வழக்கமல்ல என்று எழுதினேன். முடிவில், தன் பெயரை எழுதத் துணிவில்லாத ஒருவர் ஓர் இலக்கத்தின் பின்னால் ஒளிந்து நின்று எங்கள் வீடுகளுக்குள் மதுவைக் கொண்டுவருகிறார் என்று ஒரு வசனம் சேர்த்தேன். அந்த வசனத்தை எழுதியபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஊரைவிட்டு வந்த பின் ஆங்கிலத்தில் அப்படி ஒன்று எழுத எனக்கு இடம் கிடைத்திருக்கவில்லை. நாற்பத்து மூன்று பேர் கையொப்பமிட்டார்கள். அந்தக் கோடை முழுவதும் நீ தொழிற்சாலையில் மேலதிக நேரம் நிற்பதாகச் சொல்லிப் போய் வந்தாய். கையில் வெள்ளைப் பெயின்ற் ஒட்டியிருந்ததை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கண்டேன். கேட்கவில்லை.

நகரசபைக் குழுவின் கூட்டம் புரட்டாதி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு. நானும் பரிமளமும் இன்னும் ஆறு பேரும் முன்வரிசையில் இருந்தோம். நீயும் உன் கடைப் பங்காளி அலெக்ஸாண்டரும் கடைசி வரிசையில் இருந்திருக்கிறீர்கள். என் முறை வந்தது, வாசித்தேன், திரும்பினேன், உன்னைக் கண்டேன், அதுவரை எனக்கு எதுவும் தெரியாது என்றே அன்று மாலை அம்மாவுக்கும், பின்னர் கேட்ட எல்லோருக்கும் சொன்னேன். நீயும் அப்படித்தான் நம்பியிருக்கிறாய் என்று துர்க்கா மூலம் அறிகிறேன்.

அது பொய். மண்டப வாசலில் நிகழ்ச்சிநிரல் அடித்த தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து இருந்தேன். ஐந்தாவது விடயத்தில் அந்த ஏழு இலக்கங்களும், அவற்றின் கீழே இயக்குநர் என்று உன் முழுப்பெயரும் இருந்தன. எங்கள் விடயம் வருவதற்கு இருபத்தைந்து நிமிடங்கள் இருந்தன. தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்தால் என்னால் எழும்ப முடியாது என்பதை அறிந்திருந்தேன். எழும்பி, நான்கு பக்கத்தையும் ஒரு சொல்லும் விடாமல், அந்தக் கடைசி வசனத்தையும் சேர்த்து, வாசித்தேன். அந்தத் தாளை 'அ' என அடையாளமிட்டு இத்துடன் இணைத்துள்ளேன். மடிப்புகளைப் பார்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கலாம். கையொப்பமிட்ட நாற்பத்து மூன்று பேரை நடு மண்டபத்தில் கைவிடுவது ஒரு சட்டத்தரணிக்குத் தகாது என்பது அப்போது எனக்கு நானே சொன்ன காரணம். அது முழுப் பொய்யுமல்ல. எனினும் விடயத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் விலகியிருக்கலாம். தன் உறவினர் சம்பந்தப்பட்ட வழக்கிலிருந்து விலகவேண்டும் என்பதை இளம் சட்டத்தரணிகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உண்மைக் காரணம் கோபம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு என் மகன் எனக்குச் சொல்லாததை ஒரு நகரசபைத் தாள் எனக்குச் சொல்லியது. அந்தக் கோபத்தை நாற்பத்து மூன்று கையொப்பங்களால் மூடிக்கொண்டு எழும்பினேன். தலைவர் உன்னை அழைத்தபோது நீ ஒரே ஒரு வசனம் சொன்னாய், இந்தக் கனவான் சொன்னவற்றுக்கு மறுப்புச் சொல்ல நான் விரும்பவில்லை என்று. கனவான் என்ற அந்தச் சொல்லை நான் எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. குழு சட்டப்படி தன் கடமையைச் செய்தது. ஆட்சேபனை மாகாண உரிமச் சபைக்குப் போனது. நீங்கள் விசாரணை கேட்கவில்லை, விண்ணப்பம் அத்தோடு விழுந்தது. கார்த்திகையில் முதற் பனி விழுந்த கிழமை நீ இரண்டு பையோடு பஸ் ஏறினாய். துர்க்கா மட்டும் நிலையம்வரை வந்தாள். நான் மேலே அறையில் இருந்தேன், நித்திரையல்ல.

தை மாதம் அந்தக் கருமபீடத்துக்குப் போய்க் கோப்பைக் கேட்டேன். அங்கிருந்த பெண், கோடை முழுவதும் இது இந்த மேசையில்தான் இருந்தது, நீங்கள்தான் முதன்முதலில் கேட்கிறீர்கள் என்றார். உன் கையெழுத்தில் இருந்த விண்ணப்பத்தை அங்கேயே நின்று வாசித்தேன். உரிமம் எதற்காகத் தேவை என்ற கேள்விக்கு நீ ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "எங்கள் ஆண்கள் விழாக்களுக்கு வந்தால் கார் நிறுத்துமிடத்தில் நின்று குடிக்கிறார்கள். மனைவி பிள்ளைகளோடு ஒரே மேசையில், வெளிச்சத்தில், சோற்றோடு ஒரு கிளாசை வைத்துக்கொண்டு இருப்பதற்கு அவர்களுக்கு ஓர் இடமில்லை. என் தகப்பனார் கண்ணியமான மனிதர். அவர் ஒளிக்கத் தேவையில்லாத ஒரு கடையை நடத்த விரும்புகிறேன்." இதன் பிரதி 'ஆ' என அடையாளமிடப்பட்டுள்ளது.

உன் விண்ணப்பத்துக்கு ஒன்றரை ஆண்டு முன், என் சிநேகிதர் சண்முகநாதனின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கன்று, மண்டபத்தின் பின்னால், அவர் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் ஆறேழு பேர் நின்றோம். என்னைத் தேடி வந்த நீ, "அப்பா, போட்டோவுக்கு வரட்டாம்" என்றாய். நான் பிளாஸ்ரிக் கோப்பையை மாற்றுச் சில்லுக்குப் பின்னால் வைத்தேன். நீ பையிலிருந்து ஒரு சுவிங்கத்தை எடுத்துத் தந்துவிட்டு முன்னால் நடந்தாய். அதோடு அது முடிந்தது என்று எண்ணியிருந்தேன். அந்த ஒன்றரை ஆண்டும் நீ அதை யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாய், எனக்கு ஒரு கதிரை போடுவதற்கு. குடும்பத்தின் முன்னிலையில் மது அருந்துவது எங்கள் வழக்கமல்ல என்று நான் எழுதியது சட்டப்படி உண்மை. நாங்கள் அதைக் கார் நிறுத்துமிடத்தில்தான் செய்கிறோம்.

திருத்தக்கூடியது ஏதும் உண்டா என்று பார்த்தேன். என் ஆட்சேபனையை எழுத்தில் மீளப்பெற்று, மறுபடி விண்ணப்பித்தால் அதே குழுவின் முன் நின்று சொல்லத் தயார் என்று அலெக்ஸாண்டரிடம் போனேன். உள்ளே வரச்சொல்லித் தேநீர் தந்தான். "அங்கிள், நீங்கள் இனி எங்களுக்காக ஒண்டும் எழுதாதேங்கோ. அது பெரிய உதவியா இருக்கும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மூலைக்கடையில் இப்போது வீடியோக் கொப்பி வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நீ பூசிய வெள்ளைச் சுவரில் படச்சுவரொட்டிகள். தங்கத்துரை இப்போதும் பிளாசாவின் பின்புறம் காரின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், பனியில் நின்று குடித்து நெஞ்சுச் சளி வேறு.

இக்கூற்றுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். துர்க்காவுக்குப் பதினெட்டு ஆகவில்லை. ஆகவே அம்மாவையும் பரிமளத்தையும் இன்று முற்பகல் குசினி மேசையில் இருத்தி முதலிலிருந்து இதுவரை வாசித்துக் காட்டினேன். அம்மாவும் இதை இன்றுதான் அறிகிறார். "ஆறு மாசம் எனக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிட்டியள்" என்றார். பரிமளம், "ஐயா, நான் உங்களிட்ட வந்தது கடையைப் பத்தி இல்லை, என்ட மனிசனைப் பத்தி. உங்களுக்குக் கடையைப் பத்தித்தான் எழுதத் தெரிஞ்சுது" என்றார். இரண்டையும் அவர்கள் சொன்னபடியே இங்கே பதிகிறேன்.

மன்னிப்பு என்ற சொல்லை நான் இங்கே எழுதவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். கேட்டால் நீ கொடுக்கவேண்டியவன் ஆகிவிடுவாய். உன்மேல் இன்னொரு கடப்பாட்டைச் சுமத்த எனக்கு உரிமையில்லை. இந்தத் தாள்களை நீ வைத்திருக்கலாம், கிழிக்கலாம், எவருக்கும் காட்டலாம். நான் கேட்பது அம்மாவுக்காக ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நேரம் பத்து மணி தொடக்கம் பன்னிரண்டு மணிவரை, உங்கள் நேரம் எட்டு தொடக்கம் பத்துவரை, நான் வீட்டில் இருக்கமாட்டேன். ஷொப்பிங் மோலுக்குப் போய் இருப்பேன். அந்த நேரத்தில் நீ தொலைபேசி எடுத்தால் என் குரலைக் கேட்கும் சங்கடம் உனக்கு நேராது. நேரத்துக்குச் சாப்பிடு. குசினி வேலையில் நிற்பவர்கள்தான் சாப்பிட மறப்பவர்கள் என்று அம்மா சொல்லச் சொன்னார். உன் கை தொடுவதெல்லாம் துலங்கட்டும். நீ போடும் மேசைகளில் நான்கு பேர் நிம்மதியாக இருந்து சாப்பிடட்டும். தெய்வம் உன்னோடு இருக்கட்டும். துர்க்காவின் கேள்விக்கு மாத முடிவுக்குள் பதில் சொல்ல மறந்துவிடாதே.

மேற்கண்டவை கையொப்பமிடுமுன் சாட்சிகள் இருவருக்கும் வாசித்து விளங்கப்படுத்தப்பட்டன. கடைசிப் பந்தியை வாசித்தபோது முதலாம் சாட்சி குறுக்கிட்டு, "உந்தப் பனிக்குள்ளை எங்கை போய் நிக்கப்போறியள்? அவன் 'அப்பா நிக்கிறாரோ' எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். ஆகவே அப்பந்தியில் "இருக்கமாட்டேன்" என்ற சொல்லும், "ஷொப்பிங் மோலுக்குப் போய் இருப்பேன்" என்ற வசனமும் வெட்டப்பட்டனவாகக் கொள்ளப்படவேண்டும். அவற்றுக்குப் பதிலாக: "இருப்பேன். அம்மாவே தொலைபேசியை எடுப்பார். நீ கேட்டால் மாத்திரம் நான் வாங்கிப் பேசுவேன்." இத்திருத்தம் என் சம்மதத்துடன் செய்யப்பட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆ. இராஜரட்ணம்

சாட்சிகள்:
1. இராஜரட்ணம் பாலேஸ்வரி
2. தங்கத்துரை பரிமளம்