இட்டேரியை அடைத்த கையெழுத்து

அக்கா,

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடித்தது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். நல்ல தண்ணீர் வீணாகப் போகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். போகட்டும் என்றிருந்தது. இந்தத் தண்ணீருக்காகத்தானே அன்றைக்கு நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

நீங்கள் உடுமலைப் பக்கம், நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். திருப்பூரில் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு, ஒரே பனியன் கம்பெனியில் அடுத்தடுத்த மெஷின். வீட்டுக்குப் பின்னால் ஓர் இட்டேரி. ஒரு காலத்தில் இரண்டு தோட்டத்து வேலிக்கு நடுவே வண்டி போன தடமாம். நாம் பார்த்தபோது இரண்டு பக்கமும் குடோன் சுவர்தான். ஆனாலும் அதில் இறங்கிவிட்டால் பத்து நிமிஷத்தில் கம்பெனி. வழியிலேயே பள்ளிக்கூடம், ரேஷன் கடை. உங்கள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே போய் மணியடிக்குமுன் மெஷினில் உட்கார்ந்துவிடுவோம். "நமக்கென்ன கண்ணு, ரெண்டு காலு இருக்குது, ஒரு இட்டேரி இருக்குது" என்பீர்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்த்த உங்களுக்கு அந்தப் பாதைதான் துணை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் ஓர் உலை வைத்துவிட்டுக்கூட வருவீர்கள்.

குடோன் முதலாளிக்கு அந்த இட்டேரியும் வேண்டியிருந்தது. ஆட்சேபணை இல்லை என்று குடியிருப்பவர்கள் எழுதிக் கொடுத்தால், லைன் வாசலிலேயே நல்ல தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்குத் தெருவில் குடத்தோடு மல்லுக்கட்டுகிற நமக்கு வேறென்ன வேண்டும்? காகிதத்தை நான்தான் வாங்கி வீடு வீடாகக் கொண்டுபோனேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

நீங்கள் மட்டும் பேனாவைத் தொடவில்லை. "தண்ணி லாரியிலகூட வரும் கண்ணு. இட்டேரி எந்த லாரியில வரும்?" என்றீர்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஊரே ஒத்துப்போனா ஒங்களுக்குத்தான் பொறுக்காதேக்கா" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீங்கள் கீரை ஆயப் போய்விட்டீர்கள்.

குழாய் வந்தது, சுவரும் வந்தது. மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் நடந்தோம். ஒருபக்கம் சாக்கடை, ஒருபக்கம் லாரி, கால் வைக்க இடம் கிடையாது. "தண்ணி வசதி வந்துருச்சுங்கம்மா" என்று சொல்லி லைன் வீட்டு ஓனர் வாடகையை ஏற்றினார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மகளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினீர்கள். கஞ்சி கொடுத்துவிட்டு, மணியடிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று அந்த ரோட்டைக் குறுக்கே கடந்திருக்கிறீர்கள். மணி அடித்தும் உங்கள் மெஷின் சும்மாவே கிடந்தது. "எங்கம்மா உங்க அக்கா, லேட்டா?" என்று சூப்பர்வைசர் என்னைத்தான் கேட்டார். அதற்குள் லாரி உங்களை அடித்துப் போட்டுவிட்டது.

ஊர் இப்போது தனி மாவட்டமாகிவிட்டது. ரோட்டை அகலப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள், நடக்கிறவர்களுக்குத்தான் ஓரடி கிடையாது. வாடகை கட்டுப்படியாகாமல் உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு சாமளாபுரம் பக்கம் வந்துவிட்டேன். குழாய் உண்டு. நடக்கிற தூரத்தில் வேறெதுவும் இல்லை. கம்பெனி வேனைத் தவறவிட்டால் அன்றைய வேலை போச்சு. இது மாறும் என்று எனக்குத் துளியும் தோன்றவில்லை, அக்கா. அவளும் பத்தாவதோடு நிறுத்திவிட்டு நம் கம்பெனியிலேயே மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள்.

போன வாரம் கம்பெனியில் யாரோ பழைய கதையை எடுத்திருக்கிறார்கள். ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்கள் மகள் நிமிர்ந்து, "ஏனுங் சித்தி, அந்தச் செவுத்துக்கு லைன்ல இருந்தவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களாமா? அம்மாவும் போட்டாங்களா?" என்றாள்.

அம்மா போடவில்லை என்று சொன்னால், அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது யார் என்று அடுத்து கேட்பாள். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். பயந்துவிட்டேன்.

"எல்லாரும்தான் போட்டோம் கண்ணு" என்றேன்.

"அம்மாவுமா?" என்றாள். அப்புறம் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நீங்கள் கடைசிவரை போடாத கையெழுத்தை, அக்கா, நானே போட்டுவிட்டேன்.