அரை இன்ச் இறக்கம்

என் தங்கை பெற்ற மாவீரனே,

நீ போர்முனையிலிருந்து எழுதி இருபது நாளாகிறது. அதனால் உன் படைக்குத் தலைமைத் தளபதி பதவியை நானே எடுத்துக்கொண்டேன். தையல் மெஷினை மூடிவிட்டு, போனில் வரும் போர்க்காட்சிகளை ஒரு நாளைக்கு லட்சம் தடவை பார்க்கிறேன்.

முகங்கள் தெரிவதில்லை. நான் தோளைத் தேடுகிறேன். உன் இடது தோள் அரை இன்ச் இறக்கம். சட்டைக்குச் சட்டை அங்கே பஞ்சு வைத்துத் தைத்தவன் நானல்லவா?

நேற்று ஒருவன் இடப்பக்கத் தோளைச் சாய்த்தபடி கேமராவை நோக்கி வயலில் ஓடிவந்தான். அப்புறம் ஒரே புகை.

உன் அம்மா உள்ளேயிருந்து, "என்னண்ணே, பேச்சையே காணோம்?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, ஏதோ மாடு மேயுது."

நாற்பதாவது தடவைதான் உறைத்தது: எதிரே வருகிறவனின் வலது எனக்கு இடதாகத் தெரியும். முப்பது வருடத் தையல்காரன், அதை மறந்துவிட்டேன்! இறங்கியிருந்தது அவனுடைய வலது தோள். நீ இல்லை. வெட்டுமேசை மேல் ஏறி, பூமி அதிர ஆடினேன்.

ஆடி ஓய்ந்தபிறகு மறுபடி ஒருமுறை பார்த்தேன், அவனுக்காக. அவனுக்கு வலது பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தவன் எங்கிருக்கிறானோ.

ஒரு புள்ளி வைத்தாவது பதில் அனுப்பு.

காத்திருப்பதில் உலக சாம்பியன்,
உன் மாமா