அடுப்பு பற்றவைக்காத விருந்து

புது டிராக்டர் வாங்கியதற்காகத் தமிழரசன் வீட்டில் விருந்து வைத்தான். "ஓட்டல் பிரியாணி. நீ அடுப்பே பத்தவைக்க வேணாம், ராணியாட்டம் ஒக்காரு" என்று மனைவி விஜயலட்சுமியிடம் பெருமையடித்தான். பிரியாணி எடுக்க உளுந்தூர்பேட்டைக்குக் கிளம்பும்போது, வெங்காயம் அரியச் சொன்னான், தட்டு கழுவச் சொன்னான், வருகிறவர்களுக்கு டீ போடச் சொன்னான்.

விஜயலட்சுமி காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"வெங்காயம் அரியறதும் தட்டு கழுவறதும் சமையல்ல சேராதாமே. அப்ப நீங்களே செஞ்சிக்கலாம், கை ஒண்ணும் தேஞ்சிடாது. நான் தியாகதுருகத்துல அக்கா வூட்டுல ஒக்காந்துகினு இருப்பேன். சாவி எதிர்வூட்டுல. உங்க சித்தப்பாவுக்கு சுகர், டீயில சக்கரை போடாதீங்க."

மடித்த தாளை மறுபடி பிரித்து அடியில் நெருக்கி எழுதினாள்: "பிரியாணி உங்களுக்கு நெஞ்செரியும். மோர் ஃப்ரிட்ஜ்ல கீது. உங்களுக்கு மட்டும்." வீட்டைப் பூட்டி, தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுக் கிளம்பினாள்.

அக்கா வீட்டில் அவள் காலை நீட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்காவும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"விஜி, எல்லாரும் வந்துட்டாங்க. கரண்டி எங்க கீது?"

"சமையல்கட்டுல."

"சமையல்கட்டுல எங்க?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஜயலட்சுமி போனை அணைத்துவிட்டு இன்னொரு டம்ளர் காபி கேட்டாள்.