புரசம்பூ

23.2.2003, ஞாயிறு

சிறுவாச்சூர் தாண்டி இருக்கிற கரட்டுக்குக் காட்டுப்பூ பார்க்க செல்வியை நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரே ஸ்கூல்ல அவ கணக்கு டீச்சர், நான் தாவரவியல்.

ஏறுற வழியெல்லாம் ஆவாரம்பூதான். உச்சிப் பாறை ஓரத்துல, இலை உதிர்ந்த மரத்துல செவப்பா என்னமோ தெரிஞ்சுது. "புரசு பூத்துருக்குடி"ன்னேன். செல்வி எனக்கு முன்னாடி ஓடினா.

கிட்டப் போனப்புறந்தான் அது துணின்னு எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் பக்கம் கல் குவாரி. வெடி வைக்கிறதுக்கு முன்னாடி கட்டுற கொடி. அவளைக் கூப்பிட வாயெடுத்தேன், வெடிச்சிடுச்சு. தெறிச்ச கல்லு அவ வலது கண்ணுல அடிச்சுது.

கண்ணை எடுத்தாகணும்னுட்டாரு டாக்டர்.

"கொடி கட்டியிருந்துச்சா டீச்சர்?"னு அவ வூட்டுக்காரர் கேட்டார். பக்கத்துல போலீஸ்காரர் எழுதிக்கிட்டிருந்தார். இல்லைன்னுட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

கொடி கட்டுற மருதையை ஆஸ்பத்திரி வாசல்லயே ஜீப்புல ஏத்தினாங்க. செல்வியை மலையிலேருந்து தூக்கிட்டு வந்ததே அவன்தான். "கட்டுனேன் சார், நான் கட்டுனேன்"னு சொல்லிக்கிட்டே போனான். என்னையும் பார்த்தான்.

மயக்கம் தெளிஞ்சதும் செல்வி என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டா, "அந்தப் பூவைப் பறிச்சியாடி?"

பறிச்சேன்னு சொன்னேன்.