கணக்கில் சேராத பதில்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குச் சளி விட்டுவிட்டது. பெரியவன் இப்போதெல்லாம் உங்களைப் பற்றிக் கேட்பதில்லை, அதுதான் கவலை.

கருத்துக்கணிப்பு வேலைக்குத்தான் இன்னும் போகிறேன். மாடிப்படி ஏறி இறங்கிக் கால் கெஞ்சுகிறது. முதலாளித்துவம் நல்லதா, கெட்டதா? சோஷலிசம்? அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. ஒரு தையல்காரம்மா, "ரெண்டுல எது வந்தா கரண்ட் போகாதோ, அதைப் போடும்மா" என்றார். 'தெரியாது' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் உங்கள் பழைய மேனேஜர். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு உங்களை நீக்கிய உத்தரவில் கையெழுத்துப் போட்டவரேதான். தெரிந்தவர் வீடு என்றால் விட்டுவிட வேண்டும் என்பது விதி. கேட்காமலே திரும்பிவிடப் பார்த்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்னையும் கேளும்மா" என்றார்.

முதலாளித்துவத்துக்கு, "நல்லதுன்னு போட்டுக்கோ. முப்பது வருஷம் சோறு போட்டுச்சு" என்றார். அடுத்து சோஷலிசம் பற்றிய கேள்வியை வாசித்தேன். அதற்குச் சொன்னார்: "மெஷின்ல கை மாட்டினவனுக்கு வைத்தியம் பாருங்கன்னு உங்க வீட்டுக்காரர் கேட்டாரே, அதுதான் சோஷலிசம்னா அதுவும் நல்லதுதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். என் வேலை போயிடும்னு பயந்துட்டேன். அடுத்த வருஷமே என்னையும் அனுப்பிட்டாங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அசதிதான் வந்தது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். நீங்கள் எழுதுவதை வைத்துத்தானே சொல்ல முடியும்?

ஆபீசில் மறைக்காமல் சொன்னேன். மேற்பார்வை அம்மா, "தெரிஞ்சவங்ககிட்ட எடுத்தது செல்லாது" என்று தாளின் குறுக்கே கோடு போட்டுவிட்டார். இத்தனை பேரைக் கேட்டு நூற்றுக்கு இத்தனை என்று சொல்லப்போகிறார்கள்; அதில் அவர் சொன்னது இருக்காது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த ஆள் இருக்கிற ஊரில் இருக்க மாட்டேன் என்று போனீர்கள். நாலு வருடமாயிற்று. அவருக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். ஒரே ஊரில் இரண்டு பேரும் இருக்க முடியுமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். எனக்கு இனியும் தனியாக முடியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பு பத்திரம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி