கழற்றி வைத்த கைப்பிடி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா படுத்த படுக்கைதான். கழிப்பறையில் வழுக்கிவிட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பாதிதான். மீதியைப் பையனுக்குச் சொல்லாதே என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு நல்ல மனசு எனக்கு இல்லை.

விற்கப் போகிற வீட்டில் கழிப்பறைக் கைப்பிடியும் வாசல் சாய்தளமும் இருந்தால் நோயாளி வீடு மாதிரித் தெரியும், விலை அடிபடும் என்று தரகர் சொன்னார். நீயும் போனில் அதையே சொன்னாய். மறுநாளே அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார். சாய்தளத்தை உடைத்துப் பழையபடி படி கட்டினார்கள். கழிப்பறைக் கைப்பிடியைக் கழற்றி, ஓட்டையை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். எங்கே இருந்தது என்றே தெரியாது, வேலை அவ்வளவு சுத்தம். விக்கிற வரைக்கும் நாமதானே இங்க இருக்கணும், காத்தைப் பிடிச்சுக்கிட்டா எந்திரிப்பீங்க என்று சண்டை போட்டேன். நான் என்ன அவ்வளவு கிழவனா என்று சிரித்தார் உன் அப்பா.

ஒரு கணவனும் மனைவியும் வீடு பார்க்க வந்த அன்று, வாக்கரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு புது மாப்பிள்ளை மாதிரி நின்றார். சுவரைப் பிடித்துப் பிடித்து அவரே அறை அறையாகக் காட்டினார். நடுவில் கழிப்பறைக்குப் போனார். இத்தனை வருஷப் பழக்கம், எழுந்திருக்கும்போது கை தானாகக் கைப்பிடி இருந்த இடத்துக்குப் போயிருக்கிறது. விழுந்த சத்தம் கூடத்துக்குக் கேட்டது. வீடு பார்க்க வந்தவர்தான் கதவை உடைத்துத் தூக்கினார்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனை இவர் இதயம் தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் விளக்க வேண்டாம்.

நேற்று, வீடு பார்க்க வந்தவரின் மனைவி அப்பாவைப் பார்க்க வந்தாள். அவள் மாமியாருக்கு நடக்க முடியாதாம். அவங்களுக்காகக் கைப்பிடி, சாய்தளம் உள்ள வீடாத்தான் ரொம்ப நாளாத் தேடறோம், எங்கேயும் கிடைக்கலை, நீங்க வச்சுக் கொடுத்தா கேட்ட விலைக்கு மேலேயே தர்றோம் என்றாள். கழற்றின கைப்பிடி பரணில்தான் கிடக்கிறது.

அவள் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, பையனுக்குப் போன் போடு, விலை கூடியிருக்குன்னு சொல்லு, சந்தோஷப்படுவான் என்றார். போனில் அதை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. அதற்காக வராமல் இருந்துவிடாதே. வீடு காத்திருக்கும், அவர் காத்திருப்பாரா என்று தெரியவில்லை. வந்ததும், நல்ல விலைதானேடா என்றுதான் கேட்பார். ஆமாம்ப்பா என்று மட்டும் சொல்லு.

கை கால் சுகத்தோடு நீ நீண்ட நாள் இருக்க வேண்டும்.

அம்மா