கடல் இல்லாத அலை

11, வெள்ளி

வெயில். ஃபேன் சுற்றியும் வேர்வை. தமிழ் ஐயா கொடுத்த வீட்டுப்பாடம்: பேப்பரில் 'அலை' என்று வருவதையெல்லாம் வெட்டி ஒட்டணும். சிக்கியவை: அனுதாப அலை. எதிர்ப்பு அலை. வெப்ப அலை. தி.நகரில் கூட்டம் அலைமோதியது. நிஜக் கடல் அலை ஒன்றே ஒன்று, மீனவர்களுக்கு எச்சரிக்கை, உள்பக்கத்தில், கட்டைவிரல் அளவு. பேருக்குச் சொந்தக்காரனுக்குக் கடைசி பெஞ்சு.

அம்மா: "கத்திரிக்கோலைத் தூக்கிக்கிட்டு ஏன்டா வீடு முழுக்க அலையற?"

அதையும் ஒட்டலாமா என்றேன். கரண்டி பறந்து வந்தது.

12, சனி

மூட்டம். ஜான்சன் (என் பெஞ்ச்) முகம் தொங்கிக் கிடந்தது. அவன் அம்மா மேரி அக்காவுக்கு பெசன்ட் நகர் பீச்சில் மீன் வறுவல் கடை. சாயங்கால மழையில் கொஞ்ச நாளாக ஈ ஓட்டுகிறார்.

"நாளைக்கும் ஓடலன்னா கடைய வுட்டுட்டு வீட்டு வேலைக்குப் போவுதாம் மச்சி."

நான் எதற்கு இருக்கிறேன்? பேப்பர் பாஷையில் தட்டி, ஏரியா வாட்ஸப் குரூப்பில் போட்டேன்:

"பெசன்ட் நகர் கடற்கரையில் பயங்கர அலை! பொதுமக்கள் திணறல்!"

நிறைய இடம் விட்டு, கீழே: "மேரி அக்கா கடை வஞ்சிர வறுவலுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. நீங்களும் வாங்க."

சிரித்து வயிற்று வலி. என் பேனாவுக்கு நானே முத்தம்.

13, ஞாயிறு

பளிச் வெயில். பீச்சில் ஆளே இல்லை.

எவரோ மேல் வரியை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். மதியம் அது அம்மாவின் யோகா குரூப்பிலேயே வந்துவிட்டது. "பீச் பக்கம் காலை வெச்சே, தொலைச்சிடுவேன்." என் வரியைக் காட்டி என்னையே மிரட்டல்.

அலை இல்லை, அது விளம்பரம் என்று குரூப்பில் போட்டேன். ரெண்டு பேர் கும்பிடு போட்டார்கள். அதை மட்டும் எவரும் அனுப்பவில்லை.

அம்மாவுக்குத் தெரியாமல் கடைக்கு ஓடினேன். மசாலா தடவிய மீன் தட்டு தட்டாக அப்படியே.

"எவனோ பேமானி அலை வருதுன்னு கெளப்பிவுட்டுக்கீறான். கடலப் பாரு, கொழந்த கணக்கா தூங்கினுகீது" என்றார் மேரி அக்கா. எனக்கு ஒரு தட்டு. "துன்னு நைனா. வீணாத்தான போவப் போவுது."

வஞ்சிரத்தில் முள் கம்மி. அப்படியும் பாதியை மிச்சம் வைத்தேன்.

திரும்பும்போது ஜான்சன் பின்னாலேயே வந்தான். "'திணறல்'னு எழுதுறவன் நம்ம கிளாஸ்ல ஒருத்தன்தான். அம்மாகிட்ட நான் சொல்லல. நீயே சொல்லு."

மச்சி என்று கூப்பிடவில்லை.

14, திங்கள்

தூறல். வீட்டுப்பாடத்துக்கு 'நன்று'. அலை என்று எப்போது எழுதலாம் என்று ஐயா கேட்டார். "பக்கத்துல கடல் இல்லாதப்போ ஐயா." கிளாஸே சிரித்தது. ஜான்சன் தவிர.

சாயங்காலம் கடைக்குப் போனேன். சொல்லிவிடத்தான். வாயைத் திறக்கும் முன் மேரி அக்கா அட்டையும் மார்க்கரும் நீட்டினார். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு பார்ப்பாராம்.

"நீ நல்லா எழுதுவியாமே. 'மேரி கடையில் கூட்டம் அலைமோதுது'ன்னு எழுது. பேப்பர்ல போடுவாங்களே, அந்த மாரி."

'கூட்டம்' வரை எழுதினேன். மார்க்கரை மூடிவிட்டேன்.

"இன்னாடா முழிக்கிற? அலைக்கு எந்த 'லை' போடணும்னு தெர்லியா?"

"தெரியும்க்கா. முந்தாநாள்தான் எழுதினேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.